ஓவன் இல்லாமல் ஒரு சாக்லேட் கூடு

பிரிட்டனில் ஈஸ்டர் நெருங்கும்போது வீடுகளிலும் தொடக்கப் பள்ளிகளிலும் செய்யப்படும் எளிய இனிப்பு, சாக்லேட் கூடு. உருக்கிய சாக்லேட்டில் கார்ன்ஃப்ளேக்ஸைப் பிரட்டி, சிறிய காகிதக் கிண்ணங்களில் நிரப்பி, நடுவில் குழித்து, மொறுமொறுப்பான சர்க்கரைப் பூச்சுள்ள குட்டி சாக்லேட் முட்டைகளை வைப்பார்கள். ஓவன் வேண்டியதில்லை. குழந்தைகளின் கையில் துணிந்து ஒப்படைக்கக்கூடிய பலகாரம் இது.

மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமியை அடுத்த ஞாயிறு ஈஸ்டர் என்பது திருச்சபைக் கணக்கு. ஆகவே மேற்கத்திய திருச்சபைகளில் பண்டிகை மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் வரும். இங்கிலாந்தில் பறவைகள் கூடு கட்டி முட்டையிடும் இளவேனிற்காலமும் அதுவே. இடைக்காலத்தில் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் முழுவதும் முட்டை விலக்கப்பட்டிருந்தது. கோழிகளோ இட்டுக்கொண்டே இருந்தன. நோன்பு முடியும் நாளில் முட்டை விருந்தானது இயல்பே. பிரிஸ்டல் நகரின் ஃப்ரை நிறுவனம் 1873இல் உள்ளீடற்ற சாக்லேட் முட்டையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1875இல் கேட்பரியும் இறங்கியது. இன்று கூடுகளில் வைக்கப்படும் கேட்பரி மினி எக்ஸ் 1967இல் வந்தது.

பன்னிரண்டு கூடுகளுக்கு 150 கிராம் சாக்லேட், 60 கிராம் வெண்ணெய், மூன்று மேசைக்கரண்டி கோல்டன் சிரப் (கெட்டியான சர்க்கரைப் பாகு), 100 கிராம் கார்ன்ஃப்ளேக்ஸ், 36 குட்டி முட்டைகள் போதும். பாத்திரத்தில் சிறிதளவு தண்ணீரைக் கொதிக்கவிட்டுத் தீயைக் குறைத்து, அடி தண்ணீரைத் தொடாதபடி மேலே ஒரு கிண்ணத்தை வைத்து, அதில் சாக்லேட், வெண்ணெய், சிரப் மூன்றையும் மெல்லக் கிளறி உருக்க வேண்டும். கோக்கோ வெண்ணெய் ஏறத்தாழ 34 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும் என்பதால் ஆவியின் சூடே தாராளம். அதிகச் சூட்டில் சாக்லேட் அடிப்பிடித்து மணல்போல் திரிந்துவிடும்.

வெறும் சாக்லேட்டை உருக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீரும் பகை. சாக்லேட்டிலுள்ள சர்க்கரைத் துகள்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டி, மொத்தமும் கெட்டியாகிவிடும். பளபளப்பான சாக்லேட் வேண்டுமானால், 45 டிகிரிக்கு மேல் உருக்கி, 27 டிகிரி அளவுக்கு ஆறவைத்து, மீண்டும் 31 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். டெம்பரிங் எனப்படும் இந்த வேலை கைதேர்ந்தவர்களையே சோதிக்கும். கூட்டுக்கு அது வேண்டாம். வெண்ணெயும் சிரப்பும் கலவையை இளக்கமாக வைப்பதால் அதில் பளபளப்பையோ 'படக்'கென்ற உடைவையோ யாரும் தேடுவதில்லை. இந்தப் பலகாரத்தின் சுலபமே இங்குதான் இருக்கிறது.

கலவை சற்று ஆறியபின் கார்ன்ஃப்ளேக்ஸைக் கொட்டி, நொறுங்காமல் அடியிலிருந்து மேலாகப் பிரட்ட வேண்டும். ஷ்ரெடட் வீட் எனப்படும் கோதுமை இழைச் சீரியலை நொறுக்கிச் சேர்த்தால் சுள்ளி அடுக்கிய கூட்டின் தோற்றம் அச்சாக வரும். கடித்துச் சாப்பிட கார்ன்ஃப்ளேக்ஸே மேல். காகிதக் கிண்ணங்களில் நிரப்பி, கரண்டியின் பின்புறத்தால் குழி செய்து, பிசுபிசுப்பு இருக்கும்போதே கூட்டுக்கு மூன்று முட்டைகளைப் பதிக்க வேண்டும். இறுகிய பின் வைத்தால் ஒட்டாது. ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் இருந்தால் கூடு கெட்டியாகும். பிறகு காற்றுப் புகாத டப்பாவில் சில நாள் தாங்கும். திறந்து வைத்தால் கார்ன்ஃப்ளேக்ஸ் நமுத்துவிடும்.

குட்டி முட்டைகள் சிறு குழந்தைகளின் தொண்டையில் அடைத்துக்கொள்ளக்கூடியவை. அவர்களுக்கான கூட்டில் முட்டையை நன்றாகப் பொடித்துத் தூவுவதே பாதுகாப்பு. சாக்லேட்டிலுள்ள தியோபுரோமின் நாய்களுக்கு நஞ்சு என்பதால், டப்பாவை அவற்றுக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்.