சித்திரை வெயிலும் சிமெண்டு மாடியும்

சிவகாசிக்குத் தீப்பெட்டியையும் பட்டாசையும் கொண்டுவந்து சேர்த்தது எது என்று கேட்டால், ஊராரின் உழைப்பு என்று சொல்லுவோம். உண்மைதான். ஆனால் வானத்துக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. மழை குறைந்த அந்தப் பிரதேசத்தின் வறண்ட காற்றில் குச்சியும் மருந்தும் சீக்கிரம் உலர்ந்துவிடுகின்றன. அப்படித் தொழிலுக்குச் சோறு போடும் வெயிலே, வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்களைத் தூங்கவிடாமல் வாட்டுகிறது.

சென்ற சித்திரையில் விருதுநகரில் ஒரு நண்பர் வீட்டில் இரண்டு இரவுகள் தங்கினோம். நல்ல விசாலமான கான்கிரீட் வீடு. இரவு பத்து மணிக்கும் சுவரைத் தொட்டால் தோசைக்கல் ஞாபகம் வந்தது. மின்விசிறியோ தளத்தின் உஷ்ணத்தை வாரி வாரி நம் தலையில் இறைத்தது. "ஏ.ஸி. வாங்கிவிடுவதாக உத்தேசம்" என்றார் நண்பர். "அதற்கு முன்னால் மாடியைப் பார்த்துவிடலாம், வாருங்கள்" என்றோம்.

விஷயமெல்லாம் மாடியில்தான் இருக்கிறது. விருதுநகர் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் ஒன்பதரைப் பாகையில் அமைந்த ஊர். ஆகவே சித்திரைப் பிறப்பை ஒட்டி ஒரு முறையும், ஆவணியில் ஒரு முறையும், நடுப்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறான். அப்போது சுவருக்கு மேல் கூரைதான் அடி வாங்குகிறது. பகலெல்லாம் குடித்த வெப்பத்தைக் கான்கிரீட் தளம் இரவெல்லாம் அறைக்குள் உமிழ்கிறது.

நம் பாட்டனார் காலத்து மச்சு வீடுகளில் தேக்கு உத்திரத்தின்மேல் செங்கல்லைக் குத்துக்குத்தாக அடுக்கி, அதன்மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கனமாக இட்டு, தட்டோடு பதித்தார்கள். சுண்ணாம்பில் கடுக்காய் நீரும் கருப்பட்டி நீரும் சேர்ந்தன. அந்தக் கனத்தைத் தாண்டி வெப்பம் இறங்க நேரமாகும். முற்றம் வழியாக அது வெளியேற வழியும் இருந்தது. இந்த மாவட்டத்தில் சுண்ணாம்புக் கல்லுக்குக் குறைவில்லை. ஆலங்குளத்தில் அரசாங்க சிமெண்டு ஆலை ஏற்பட்டது 1970-ல். அதே கல் சிமெண்டாகி வீட்டை அடுப்பாக்குகிறது; சுண்ணாம்பாகி அதற்கு மருந்தும் ஆகிறது!

மருந்து மிகவும் எளியது. மாடியைக் கழுவிக் காயவிட்டு, நீற்றிய சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டி, கொஞ்சம் பசை சேர்த்து, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு மூன்று பூச்சுப் பூச வேண்டும். கண்ணில் தெறித்தால் ஆபத்து, ஜாக்கிரதை தேவை. மழையில் கரைந்துபோகும், வருஷா வருஷம் பூச வேண்டியதுதான். செலவுக்கு அஞ்சாதவர்கள் வெள்ளைத் தட்டோடு பதித்துக்கொள்ளலாம். இதைக் கிழவிகளின் வைத்தியம் என்று சிரிக்க வேண்டாம். தெலுங்கானா அரசாங்கம் 2023-ல் குளிர்ந்த கூரைகளுக்கென்றே ஒரு கொள்கை வகுத்தது. தமிழ்நாடு 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

மாடியில் கீற்றுப் பந்தல் போடலாமே என்பார்கள். வேறு ஊரில் போடட்டும். தீபாவளி ராக்கெட்டு பறக்கும் ஊரில் உலர்ந்த ஓலையைத் தலைமேல் வைத்துக்கொள்வது நமக்குச் சம்மதமில்லை. வெட்டிவேர்த் தட்டி நனைப்பதும் அப்படியே. குடத்தோடு காத்திருக்கும் ஊரில் அதற்குத் தண்ணீர் ஏது?

பிறகுதான் மின்சாரக் கணக்கு. பழைய விசிறி ஏறக்குறைய 75 வாட் இழுக்கும், புதுவகை பி.எல்.டி.ஸி. விசிறிக்கு 30 வாட் போதும். தினம் 12 மணி நேரம் சுழன்றால் அறுபது நாளில் 54 யூனிட்டுக்குப் பதில் 22-க்கும் குறைவு. சூரியத் தகடு கடைசியில் வரட்டும். 2024-ல் மத்திய அரசாங்கம் தொடங்கிய திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாயும் மானியம் வகுத்தார்கள். ஒரு கிலோவாட் நாளொன்றுக்குச் சுமார் நான்கு யூனிட் தரும். தேவையைக் குறைத்துக்கொண்ட வீட்டுக்குச் சிறிய தகடே போதும் அல்லவா?

நண்பர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுண்ணாம்பு பூசினார். ஏ.ஸி. யோசனை அந்தக் கோடையில் கிடப்பில் கிடந்தது. மாடி நீர் தொட்டிக்குப் போகிற வீடானபடியால், முதல் மழையை வெளியே விட்டுவிடும்படி சொல்லி வைத்தோம்.

ஊர் திரும்புமுன் பக்கத்துத் தெருவில் ஒரு காட்சி கண்டோம். தாழ்ந்த கல்நார் ஓட்டின் கீழே ஓர் அம்மாள் மருந்து சேராத காகிதக் குழாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். காற்றாடி இருந்தது, சுழலவில்லை. "போட்டால் தாளெல்லாம் பறந்துவிடும் ஐயா" என்றார். அந்த ஓட்டைச் சுரண்டாமல், துளைக்காமல், மேலே சுண்ணாம்பு மட்டும் அடித்தாலே உள்ளே வெப்பம் தணியும் என்றோம். "வீடு வாடகை வீடு. மேலே ஏற வீட்டுக்காரர் விடுவாரா?" என்று கேட்டார்.

வீட்டுக்காரர் யார் என்று விசாரித்தோம். நம் நண்பர்தான்! வாளியில் மீந்த சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. அவரை அழைத்துவரத் திரும்பி நடந்தோம்.