கபீர் கானுக்கு ஒரு கடிதம்

"டீச்சர், தமிழ்ப் பாடத்தில படமா போட்டுக் காட்டுறீங்க?" என்று கடந்த தவணையில் ஒரு தாய் என்னிடம் கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது. அன்று அவருக்குச் சொன்ன பதிலை எல்லாப் பெற்றாரும் அறியும்படி இங்கே எழுதுகிறேன்.

"பாத்திரப் பண்புகளை விளக்குக" என்பது இலக்கியப் பாடத்தில் அடிக்கடி வரும் வினா. எங்கள் பிள்ளைகள் "நல்லவர், பொறுமைசாலி, நாட்டுப்பற்று உள்ளவர்" என்று மனனம் செய்ததை எழுதிவிட்டு வருவார்கள். எந்த இடத்தில் பொறுமை காட்டினார் என்று கேட்டால் பதில் வராது. இந்தக் குறையைப் போக்கவே தரம் 10 மாணவிகளுடன் ஒரு செயற்றிட்டத்தை ஆரம்பித்தேன். அதற்கு ஒரு திரைப்படத்தைத் தெரிந்ததற்குக் காரணம் எளிது. அதற்கு வழிகாட்டி நூல் கிடையாது. பிள்ளைகள் தாமே யோசிக்க வேண்டும்.

படம் 2007இல் வெளிவந்த 'சக் தே இந்தியா'. கதையை நான் சொல்லி, தெரிந்தெடுத்த காட்சிகளை மட்டும் மூன்று பாடவேளைகளில் காட்டினேன். இந்திய ஹொக்கி அணியின் தலைவர் கபீர் கான், பாகிஸ்தானுடனான உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் ஒரு பெனால்டி வாய்ப்பைத் தவறவிடுகிறார். ஆட்டம் முடிந்து எதிரணித் தலைவருக்குக் கைகொடுத்த படம் வெளியாகிறது. துரோகி என்ற பெயரோடு தாயை அழைத்துக்கொண்டு பரம்பரை வீட்டை விட்டு வெளியேறுகிறார். ஏழு வருடங்களின் பின், எவரும் மதிக்காத பெண்கள் அணிக்குப் பயிற்றுவிப்பாளராக வருகிறார். பதினாறு பெண்கள், பதினாறு பிடிவாதங்கள்.

முதற்கட்டமாக, பிரிஸ்டல் போர்டில் மூன்று நிரல்கள் வரைந்தோம்: என்ன செய்தார், எப்போது செய்தார், அதிலிருந்து தெரியும் பண்பு என்ன. முதலிரண்டையும் நிரப்பாமல் மூன்றாவதை எழுதக் கூடாது என்பது விதி. கோமல், பிரீத்தி என்ற இரு வீராங்கனைகளும் ஒருவருக்கொருவர் பந்தைக் கொடுக்காத போட்டிக்காரிகள். முதலில் "சுயநலம்" என்று எழுதிய பிள்ளைகள், இறுதியாட்டத்தில் கோமல் பிரீத்திக்குப் பந்தைக் கொடுக்கும் இடத்தில் தடுமாறினார்கள். பண்பு என்பது மாறக்கூடியது என்பதை அந்த நிரலே அவர்களுக்குக் கற்பித்தது.

இரண்டாம் கட்டம், பாத்திரமாகவே நின்று நாட்குறிப்போ கடிதமோ எழுதுவது. விளையாட்டா குடும்பமா என்று புகுந்த வீட்டாரால் நெருக்கப்படும் வித்யாவைப் பலர் தெரிவுசெய்தார்கள். ஆந்திராவிலிருந்து வரும் நேத்ராவிடம், தமிழுக்கும் தெலுங்குக்கும் என்ன வித்தியாசம் என்று அதிகாரி கேட்கும் காட்சியில் வகுப்பே சிரித்தது. ஒரு மாணவி மட்டும் சிரிக்கவில்லை. "எங்களயும் பார்த்து, தமிழ் பேசுறீங்க, அப்ப நீங்க தமிழாக்கள்தானே என்று கேக்கிறாங்களே டீச்சர்" என்றாள். அவளுடைய நாட்குறிப்புத்தான் வகுப்பில் ஆகச் சிறந்தது.

மூன்றாம் கட்டத்தில் ஒரு மாணவி கபீர் கானாகக் கதிரையில் அமர, மற்றவர்கள் கேள்வி கேட்டார்கள். "உங்கட அணி தோத்திருந்தா?" என்று ஒருத்தி கேட்டாள். கதிரையில் இருந்தவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பவும் நான் துரோகி இல்ல. ஆனா அத யாரும் நம்பியிருக்க மாட்டாங்க" என்றாள். கிரிக்கெட் போட்டி நடக்கும் நாட்களில் "நீங்க எந்தப் பக்கம்?" என்ற கேள்வியைக் கேட்டுப் பழகிய பிள்ளைகள் இவர்கள். இந்த மண்ணிலே பிறந்தவன் தன் விசுவாசத்தை வெற்றியால்தான் நிரூபிக்க வேண்டுமா என்று அவர்கள் அன்று விவாதித்தார்கள். மணி அடித்தும் எவரும் எழும்பவில்லை.

அடுத்த பாடத்துக்கு உண்மைச் செய்தியொன்றைக் கொண்டுசென்றேன். 1982 டில்லி ஆசிய விளையாட்டு விழாவின் ஹொக்கி இறுதிப் போட்டியில் இந்தியா பாகிஸ்தானிடம் 7 - 1 என்று தோற்றது. கோல் காப்பாளர் மீர் ரஞ்சன் நேகி விலைபோய்விட்டதாகத் தூற்றப்பட்டார். 2002இல் மன்செஸ்டர் பொதுநலவாய விளையாட்டு விழாவில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியின் பயிற்றுவிப்புக் குழுவில் அவரும் இருந்தார். இந்தப் படத்தின் நடிகைகளுக்கு ஹொக்கி பழக்கியவரும் அவரே. நேகி முஸ்லிம் அல்லர். அப்படியானால் கதையில் அந்த வீரர் ஏன் முஸ்லிமாக வருகிறார்? "பழி யார் மேலயும் வரும். சிலர் மேல சீக்கிரமா ஒட்டிக்கொள்ளும்" என்றாள் பின்வரிசை மாணவி. இதைவிடச் சிறந்த விமர்சனத்தை நான் சொல்லியிருக்க முடியாது.

தவணைப் பரீட்சை விடைத்தாள்களில் பலன் தெரிந்தது. "பொறுமைசாலி" என்ற சொல்லுக்குப் பின்னால் இப்போது "ஏனெனில்" வருகிறது. கபீர் கானின் கடுமை சில இடங்களில் அளவு மீறியது என்று குறை எழுதியவர்களும் உண்டு. விரும்பும் பாத்திரத்திலும் குறை காண்பது நல்ல வாசகியின் அடையாளம். வீட்டில் பிள்ளை கதை படித்தாலும் படம் பார்த்தாலும், "அவர் ஏன் அப்படிச் செய்தார்?" என்று பெற்றாரும் கேட்டுப் பாருங்கள். அதுவே பாடத்தின் பாதி.

என்னிடம் கேள்வி கேட்ட தாயின் மகள் கபீர் கானுக்கே ஒரு கடிதம் எழுதியிருந்தாள். "நீங்க வென்றதுக்காக நான் இத எழுதல்ல. ஊரே உங்களத் துரோகி என்று சொன்ன நேரம், உங்கட கையப் பிடிச்சிக்கொண்டு வீட்ட விட்டு வந்த உங்கட உம்மாவுக்கு என்ட ஸலாத்தச் சொல்லுங்க" என்று அது முடிந்தது. அந்தக் கடிதத்தைத் தாயிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.