சாசனம் வரைந்த கிராம நீதிபதி

நார்வே தேசத்தின் அரசியல் சாசனத்திற்குத் தந்தை என்று அந்நாட்டார் போற்றும் கிறிஸ்டியன் மாக்னுஸ் ஃபால்சன், 1814-ஆம் ஆண்டு அப்பெரும்பணியை மேற்கொண்டபோது, 31 வயதே நிரம்பியவராய், தலைநகருக்குத் தெற்கேயுள்ள ஃபோல்லோ என்னும் நாட்டுப்புறப் பகுதியில் நீதிபதியாக உத்தியோகம் பார்த்து வந்தார். அந்நாளைய நார்வேயில் கிராமப்புற நீதிபதி வழக்குகளைத் தீர்ப்பதோடு நில்லாமல், இறந்தோரின் சொத்தை வாரிசுகளுக்குப் பங்கிடுவதும், நிலப் பத்திரங்களைப் பதிவு செய்வதும் அவர் கடமையாகவே இருந்தபடியால், குடியானவரின் நிலமும் கடனும் குடும்ப வழக்கும் அவர் கண்முன்னே நாள்தோறும் விரிந்து கிடந்தன. அவருடைய அரசியல் ஞானத்திற்கு வேர் அங்கேதான் இருந்தது என்று நான் கருதுகிறேன்.

பல நூற்றாண்டுகளாக டென்மார்க்கோடு பிணைந்திருந்த நார்வேயை, 1814 ஜனவரியில் கீல் உடன்படிக்கையின்படி டென்மார்க் மன்னர் ஸ்வீடனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். தங்களைக் கேளாமலே தங்கள் தேசத்தைக் கைமாற்றியதை ஏற்க மறுத்த நார்வேயின் பிரதிநிதிகள் 112 பேர், ஏப்ரல் 10-ஆம் தேதி எய்ட்ஸ்வோலில் ஓர் இரும்பாலை அதிபரின் மாளிகையில் கூடினார்கள். அவர்களில் 37 பேர் குடியானவர்கள். ஸ்வீடனோடு இணைவதே விவேகம் என்று வேடல் யார்ல்ஸ்பெர்க் பிரபுவைச் சேர்ந்தோர் வாதிக்க, பூரண சுதந்திரம் கோரிய பெரும்பான்மையோருக்கு ஃபால்சன் தலைமை தாங்கினார். நண்பர் யோஹான் குண்டர் ஆட்லருடன் அவர் முன்னரே எழுதி வைத்திருந்த வரைவும், அவர் தலைவராயிருந்த 15 பேர் குழுவின் உழைப்பும் சேர்ந்து, மே 17-ஆம் தேதிக்குள் சாசனத்தை உருவாக்கிவிட்டன. பிரான்ஸின் 1791-ஆம் ஆண்டுச் சாசனமும் அமெரிக்கச் சாசனங்களும் அவருக்கு வழிகாட்டின. தம் மகனுக்கு வாஷிங்டனையும் பிராங்க்ளினையும் நினைந்து ஜார்ஜ் பெஞ்சமின் என்று பெயரிட்டவர் அவர்.

ஆயினும் அயல்நாட்டுச் சரக்கு மட்டுமன்று அச்சாசனம். விற்கப்பட்ட பூர்விக நிலத்தை உறவினர் மீட்டுக்கொள்ளும் ‘ஓடல்’ உரிமையை அது காத்தது. மறு ஆண்டே அவ்வுரிமையைப் பற்றி ஃபால்சன் தனி நூலும் எழுதினார். யூதர்கள் நாட்டினுள் நுழையலாகாது என்ற விதியோ அச்சாசனத்தின் மீது படிந்த பெருங்களங்கம். ஃபால்சனின் குழுவும் அதற்குப் பொறுப்பேற்க வேண்டியதே. 1851-இல்தான் அது நீங்கிற்று.

1814 நவம்பரில் ஸ்வீடனோடு இணைப்பு நேர்ந்தபோதும், சில திருத்தங்களுடன் சாசனம் உயிர் தப்பியது. பின்னர் ஸ்டோர்ட்டிங் என்னும் சட்டசபையில் அமர்ந்த ஃபால்சன், ஆண்டுகள் செல்லச் செல்ல அரசாங்கத்தின் பக்கமே சாய்ந்து, பழைய தோழர்களின் அபிமானத்தை இழந்தார். தாம் எழுதிக் கொடுத்த விடுதலையைப் பிறர் கையாண்ட வேகம் அவருக்கு அச்சமூட்டியது போலும். 1827-இல் உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாகி, 1830 ஜனவரியில் 47-ஆம் வயதில் காலமானார். அவர் மனம் மாறியபோதும் சாசனம் நிலைத்து நின்றது. ஓடல் உரிமை இன்றும் அதில் இடம்பெற்றிருக்கிறது.