முட்டி கழுவும் கை

தமிழிலே கலங்களைத் தூய்மை செய்வதற்குப் பல சொற்கள் உள. கழுவுதல், அலம்புதல், அலசுதல், தேய்த்தல், துலக்குதல், விளக்குதல் என அவை விரியும். இவையெல்லாம் ஒருபொருள் குறித்த பல சொற்கள் என்று மாணாக்கர் எழுதிவிடுவதுண்டு. அடுக்களையிற் பழகியவர் அவ்வாறு கூறார். நீரூற்றி மேலழுக்கைப் போக்குவது அலம்புதல்; சாம்பரும் தும்பும் கொண்டு ஒட்டியதைப் பெயர்ப்பது தேய்த்தல்; கலத்தின் இயல்பான ஒளி தோன்றச் செய்வது விளக்குதல். ஆசிரியர் பாடத்தை விளக்குகிறார். வீட்டிலுள்ளோர் பாத்திரத்தை விளக்குகின்றனர். மறைத்து நின்றதை நீக்கி உள்ளதைத் தோற்றுவிப்பதே ஈரிடத்தும் தொழிலாதலின் சொல்லும் ஒன்றாயிற்று.

இச்சொற்களின் வேறுபாட்டை எனக்கு ஐயமற உணர்த்தியவர் நிகண்டு செய்த புலவர் அல்லர். பனையேறும் முதியவர் ஒருவர். திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து வடக்கே நிலாவெளி நோக்கிச் செல்லும் கரையோரத்தில், கடற்காற்றுக்கு அசையும் பனைகளின் அடியில் அவரைக் கண்டேன். இறக்கிய முட்டிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் உட்புறத்தையும் தும்பு கொண்டு தேய்த்து, கிணற்று நீரில் மும்முறை அலசி, மூக்கருகே பிடித்து முகர்ந்து, வெயிலிற் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“நாள்தோறும் இவ்வளவு பாடுபட வேண்டுமோ, அண்ணை?” என்றேன்.

“பண்டிதர் ஐயா, மரம் தாறது எப்பவும் இனிப்புத்தான். புளிப்பு முட்டியில இருந்துதான் வரும்” என்றார்.

நொதித்தல் பற்றி நூல்கள் பல பக்கங்களில் விரித்துரைப்பதன் சாரம் இவ்வொரு மொழியில் அடங்கிவிட்டது.

பாளையிலிருந்து சொட்டும் சாற்றில் ஏறக்குறைய 12 வீதம் சருக்கரை உண்டு. அச்சாறு முட்டியில் விழுந்த கணமே நுண்ணங்கிகள் அதனை நாடுகின்றன. எங்கள் பாடநூல்கள் மதுவம் என்று பெயரிட்டழைக்கும் நுண்ணங்கி, சருக்கரையை அற்ககோலாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றுகிறது. நுரை பொங்குவது அந்த வாயுவினால். அதன்பின் வேறொரு கூட்டம் வருகிறது. காற்றிலுள்ள ஒட்சிசனைக் கொண்டு அற்ககோலை அசற்றிக்கமிலமாக மாற்றும் பற்றீரியாக்கள் அவை. அப்பொழுது கள் காடியாகிவிடும். முன்னோர் இரு வினைகளையும் புளித்தல் என்ற ஒரு சொல்லாலே சுட்டினர். எனினும் எந்தப் புளிப்பு வேண்டும், எந்தப் புளிப்பு வேண்டாம் என்பதைத் தொழிலாளரின் மூக்கு நன்கறிந்திருந்தது.

முதல்நாட் கள்ளின் மண்டி முட்டியின் சுவரில் படிந்திருக்குமாயின், அதில் இவ்விரு கூட்டமும் குடியிருக்கும். மண்முட்டியோ நுண்டுளைகள் நிறைந்தது. ஆதலின் வெறும் அலம்பல் போதாது, தேய்த்தல் வேண்டும். தேய்த்தபின் வெயில் வேண்டும். வங்காளத்தில் ஈச்சஞ்சாறு எடுப்போர் கலங்களைக் கழுவி, வைக்கோல் எரித்து அதன் புகையிற் காட்டுவர். இடம் வேறாயினும் கருத்து ஒன்றே.

கருப்பநீர் வேண்டுவோர் இன்னும் ஒருபடி மேலே செல்வர். தூய்மையாக்கிய முட்டியின் உட்சுவரில் சுண்ணாம்பு பூசுவர். நீருடன் கூடிய சுண்ணாம்பு கடுங்காரமானது, பி.எச். அளவில் 12ஐத் தாண்டும். அதில் மதுவமும் தழைக்காது, பற்றீரியாவும் தழைக்காது. ஒரே பனை, ஒரே பாளை. சுண்ணாம்பு பூசிய முட்டி தருவது குழந்தைகள் பருகும் கருப்பநீரும் பனங்கட்டியும், பூசாத முட்டி தருவது தவறணைக்குச் செல்லும் கள். கலத்தின் உட்சுவரே பண்டத்தின் விதியை எழுதுகிறது.

நம் பழந்தமிழ்ப் புலவரும் இத்தொழிலை நுணுகி நோக்கியவர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையிலே, வலைஞர் குடியில் அரிசிக்கள் ஆக்கும் முறை வரிசைப்படக் கூறப்பட்டுள்ளது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற பிழாவில் உலர ஆற்றி, முளையை இடித்த அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, வாய் வலிய சாடியில் முற்றவிட்டு, விரலால் அலைத்துப் பிழிவர் என்பது அதன் பொருள். களியை ஆற்றியபின் முளையடை சேர்ப்பதும், வாய் வலிய சாடியைத் தெரிவதும் அநுபவத்தில் விளைந்த அறிவு. இன்றும் வீட்டில் மது வடிப்போர், வெந்தது ஆறும் பொழுதையே மிக அஞ்சுவர். அப்பொழுதுதான் வேண்டாத நுண்ணங்கி எளிதிற் புகும். ஆயினும் அச்சாடியைத் துலக்கிய கை பாட்டில் இடம்பெறவில்லை.

மேலைநாட்டில் இம்மறைபொருளை வெளிப்படுத்தியவர் லூயி பாஸ்டர். 1856இல் பிரான்சின் லில் நகரிலே, பீட்கிழங்கிலிருந்து மது வடித்த ஒருவர் தம் தொட்டிகள் சில காரணமின்றிப் புளித்துப்போவதாக அவரிடம் முறையிட்டார். நல்ல தொட்டியின் துளியை உருப்பெருக்கியில் வைத்தபோது உருண்டை வடிவ மதுவம் தெரிந்தது. கெட்ட தொட்டியில் அதனினும் மிகச் சிறிய கோலுருக்கள் மொய்த்தன. பியர் பற்றிய அவருடைய நூல் 1876இல் வெளிவந்தது. வடிசாலைகள் தூய்மையைத் தம் முதல் விதியாகக் கொள்ளலாயின.

பிரித்தானியாவில் 1963இல் வீட்டு வடிப்புக்கான அனுமதிப்பத்திர விதி நீக்கப்பட்டது. அமெரிக்காவில் 1978இல் சட்டம் இடந்தந்தது. நம் நாட்டிலோ 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் அனுமதியின்றி மது ஆக்குதலைத் தடுக்கின்றது. அதனை மீறத் தூண்டுவது என் நோக்கமன்று. அந்நாட்டு வீட்டு வடிப்பாளர் முதலிற் கற்கும் பாடம் தயிர்ச்சட்டிக்கும், ஊறுகாய்ச் சாடிக்கும், அப்பமாவுப் பானைக்கும் பொருந்துவதாதலின் இங்கே கூறுகிறேன். முதலிலே கழுவுக, பின்னரே கிருமி நீக்குக. இம்முறை மாறினாற் பயனில்லை. அழுக்கிருந்தால் வெளிற்றும் தூள் தன் வலிமையை அழுக்கின்மேலேயே செலவிட்டுவிடும். ஒட்டிய படலத்தின் அடியிலே நுண்ணங்கி கேடின்றி வாழும். அத்தூளோடு புளியையோ வினாகிரியையோ ஒருபோதும் கலத்தலாகாது, நச்சுவாயு எழும். இன்று மண்முட்டிக்குப் பதிலாகப் பிளாத்திக்குக் கலங்களும் பாளையில் தொங்குகின்றன. அவற்றைக் கடுந்தும்பால் தேய்த்தால் கீறல் விழும். கீறலே கிருமிக்கு அரணாகும். மென்துணியும் வெந்நீரும் அங்கே தக்கன.

இத்தனையும் கூறியபின் ஒன்றைக் கூறாது விடின் இக்கட்டுரை மேலழுக்கை மட்டும் அலம்பியதாய் முடியும். நாளும் இருவேளை கலம் துலக்கி வாழ்ந்த மக்களையே நம் சமூகம் தூய்மையற்றோர் என்று ஒதுக்கிவைத்தது. ஈழத்து வடபுலத்துத் தேநீர்க் கடைகளில் அவர்களுக்குத் தனிப்பேணியும் தனிப்போத்தலும் வைக்கப்பட்டிருந்தன. கலத்தின் தூய்மையை எல்லாரினும் மிக அறிந்தவருக்குக் கலம் மறுக்கப்பட்டது! சாதி காரணமாகப் பொதுவிடங்களில் ஒருவரைத் தடுத்தல் குற்றமென்று 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் விதித்தது. சட்டம் நீரைப் போன்றது. மேலே படிந்ததை அது போக்கும். ஒட்டியதைப் பெயர்க்கத் தேய்க்கும் கையும் வேண்டும்.

அக்கையின் ஒரு பகுதி ஆசிரியர் கையாகும். நொதித்தலைக் கற்பிக்கும் நண்பர்கள் கரும்பலகையில் வாய்பாட்டை எழுதியதோடு அமையாது, மாணாக்கரை ஒருமுறை பனையடிக்கு அழைத்துச் செல்வாராக. சுண்ணாம்பு பூசிய முட்டியையும் பூசாத முட்டியையும் அவர்கள் அருகருகே முகர்ந்து அறியட்டும். தமிழ் கற்பிப்போர் முட்டி, பிளா, பாளைக்கத்தி, தளைநார் என்னும் சொற்களோடு அவற்றின் செய்முறையையும் கேட்டெழுதச் செய்வாராக. அச்செய்முறையைச் சொல்லும்போது முதியவரை மாணாக்கர் ‘ஐயா’ என்றழைத்து, அவர் தரும் பிளாவிலே கருப்பநீர் வாங்கிப் பருகட்டும். அன்றைய பாடம் நன்கு விளக்கப்பட்டதாகும்.