எண் நிற்கும் இடம்

வானொலியில் வேதியியல் பேசுவதில் ஒரு சங்கடம் உண்டு; இங்கே கரும்பலகை இல்லை. நான் சொல்லப்போவதோ, ஒரு வாய்பாட்டில் எண் எங்கே நிற்கிறது என்பதைப் பற்றியது. ஆகவே மாணவ நண்பர்கள் ஒரு தாளை எடுத்து, நான் சொல்லச் சொல்ல எழுதி வருமாறு வேண்டுகிறேன்.

முதலில் நீர். எச் என்னும் எழுத்து, அதன் காலடியில் சிறிய 2, பிறகு ஓ. காலடி எண் தனக்கு முன்னே ஒட்டி நிற்கும் தனிமத்தை மட்டுமே ஆளும். எண் இல்லாத இடத்தில் 1 என்று கொள்க. எனவே ஹைட்ரஜன் 2, ஆக்ஸிஜன் 1, ஆக 3 அணுக்கள். ஓவின் காலடியிலும் ஒரு 2 இட்டுவிட்டால் அது நீரன்று. புண் கழுவும் ஹைட்ரஜன் பெராக்ஸைடு. நீரின் வாய்பாட்டுக்கு முன்னே பெரிய 2 எழுதினாலோ, பொருள் நீரேதான். மூலக்கூறுகள் இரண்டு, அணுக்கள் 6.

இந்தச் சிறிய 2ஐ உறுதிப்படுத்த அறிஞர் உலகுக்கே அரை நூற்றாண்டு ஆயிற்று. 1808இல் தம் நூலை வெளியிட்ட ஜான் டால்ட்டன், நீரில் இரு தனிமங்களும் ஒவ்வோர் அணுவாகவே சேர்ந்துள்ளன என்று கொண்டார். அதற்குச் சான்று இல்லை. இயற்கை எளிய கூட்டையே விரும்பும் என்ற நம்பிக்கைதான். நீரில் எடைப்படி ஹைட்ரஜன் 1 பங்கு, ஆக்ஸிஜன் ஏறக்குறைய 8 பங்கு. அணுக்களை ஒன்றுக்கு ஒன்று என எண்ணினால் ஆக்ஸிஜனின் அணு எடை 8 ஆகிவிடும். உண்மையில் அது 16. 1811இல் அவகாட்ரோ சரியான வழியைக் காட்டியும் பலர் செவிசாய்க்கவில்லை. 1860இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹெ நகரில் கூடிய மாநாட்டில் கன்னிஸாரோ அதனை எடுத்துரைத்த பின்னரே குழப்பம் நீங்கலாயிற்று.

அடுத்து, நீற்றிய சுண்ணாம்பு. சிஏ, அடைப்புக்குறிக்குள் ஓ, எச், குறிக்கு வெளியே காலடியில் 2. சிஏ ஈரெழுத்தாயினும் கால்சியம் என்னும் ஒரே தனிமம். குறிக்கு வெளியே நிற்கும் எண் உள்ளிருப்போர் அனைவரையும் இரட்டிக்கிறது. அணுக்கள் 5. குறியை மறந்தவர் 4 என்பார். தேர்வுத் தாள்களில் இதனை அடிக்கடி காணலாம்.

நாவிதர் கடையில் காணும் படிகாரம் சற்றுக் கடினம். பொட்டாசியம் 1, அலுமினியம் 1, அடைப்புக்குறிக்குள் கந்தகம் 1, ஆக்ஸிஜன் 4, வெளியே 2. பிறகு ஒரு புள்ளி, 12, நீர். அந்தப் புள்ளி பெருக்கற்குறி அன்று; படிகத்தோடு 12 நீர் மூலக்கூறுகள் இணைந்துள்ளன என்பதே அதன் பொருள். முற்பகுதியில் 12 அணுக்கள், நீரில் 36, ஆக 48. (படிகாரத்தில் தனித்தனி மூலக்கூறுகள் இல்லை, நாம் எண்ணியது வாய்பாட்டு அலகு ஒன்றினை.)

இவ்வெண்ணிக்கை வெறுங்கணக்கன்று. அந்த அலகின் எடை 474. அதில் நீர் மட்டும் 216. படிகாரத்தைச் சூடாக்கினால் அது உருகிப் பொங்கி வெண்பொரியாவதைக் கண்டிருப்பீர்கள். முற்றிலும் பொரிந்தால் 100 கிராமில் ஏறத்தாழ 45 கிராம் ஆவியாய்ப் போய்விடுகிறது. புள்ளிக்கு அப்பால் நின்ற நீர்தான் அது.

இனி நீங்களே எண்ணுங்கள். மயில்துத்தம்: செம்பு 1, கந்தகம் 1, ஆக்ஸிஜன் 4, புள்ளி, 5 நீர். விடை 21 வராவிடில் அந்த 5ஐ மீண்டும் பாருங்கள்.