லண்டன் பயணம்: 11 மணி நேரமா, 19 மணி நேரமா?

"லண்டன்ல மகளுக்குப் பிரசவம். பிளேன்ல எத்தனை மணி நேரம் ஆகும் டாக்டர்?" இரும்பை, வானூர் பக்கத்துப் பெரியவர்கள் என்னிடம் இப்படிக் கேட்பதுண்டு.

சென்னையிலிருந்து லண்டன் சுமார் 8,200 கிலோமீட்டர். நேர் விமானத்தில் போக ஏறக்குறைய 11 மணி நேரம். திரும்பி வர சுமார் 10 மணி நேரம்தான். விமானம் பறக்கிற உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலமான காற்று ஓடுகிறது. போகும்போது எதிர்க்காற்று, வரும்போது அதுவே பின்னால் இருந்து தள்ளும்.

ஆனால் உடம்புக்கு டிக்கெட் கணக்கு போதாது. இரும்பையிலிருந்து திண்டிவனம் வழியாக மீனம்பாக்கம் போக காரில் 3 மணி நேரம். விமான நிலையத்தில் 3 மணி நேரம். இறங்கி மகள் வீடு சேர இன்னும் 2 மணி நேரம். கூட்டிப் பாருங்கள், 19! பெரும்பகுதி காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்த நேரம்.

அதனால் என்ன என்கிறீர்களா? 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால், கால் நரம்பில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் சொன்னது. ஆறாயிரம் பேரில் ஒருவருக்கு என்ற அளவுதான், பயப்பட வேண்டாம். ஆனால் கார், பஸ், ரயிலுக்கும் இது பொருந்தும். ஆகவே மதுராந்தகம் பக்கம் வண்டியை நிறுத்தி ஐந்து நிமிடம் நடந்துவிட்டு ஏறுங்கள்.

விமானத்துக்குள் காற்றழுத்தம் கிட்டத்தட்ட ஊட்டி உயரத்தில் இருப்பது போலத்தான். ஊட்டியின் ஈரம் மட்டும் இருக்காது, தொண்டை வறளும். பாத்ரூம் போகணுமே என்று தண்ணீரே குடிக்காமல் வரும் அம்மாக்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நடைவழி ஓரச் சீட்டாகக் கேட்டு வாங்குங்கள். அசையாமை, தூக்கக் கேடு, சிறுநீரை அடக்குவது எல்லாமே வாதத்தைக் கூட்டும் என்கிறது எங்கள் சித்த மருத்துவம். மணிக்கொரு தடவை எழுந்து நடங்கள். உட்கார்ந்தபடியே குதிகாலைத் தூக்கி இறக்குங்கள்.

சர்க்கரைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. லண்டன் கடிகாரம் நமக்கு நாலரை மணி அல்லது ஐந்தரை மணி நேரம் பின்னால். போகும் நாள் அவ்வளவு நீளும். இறங்கும்வரை கைக்கடிகாரத்தை மாற்றாமல், எந்த வேளை எந்த ஊசி என்று உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்சுலின் கைப்பையில் இருக்கட்டும். பெட்டியில் போட்டால் குளிரில் உறைந்துவிடலாம். தைலம், கஷாய பாட்டில்களைப் பெட்டியில் வையுங்கள்.

போய்ச் சேர்ந்தபின், சில வாரம் கழித்தும்கூட, ஒரு கால் மட்டும் வீங்கி கெண்டைக்கால் வலித்தால் எண்ணெய் போட்டு நீவக் கூடாது. என்னைப் போன்ற சித்த வைத்தியரைத் தேடவும் வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி. மூச்சுத் திணறினால் அந்த நிமிடமே!