தசைக்கு வேலை கொடுங்கள்

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றி வரும் பாதையின் நீளம் 14 கிலோமீட்டர். பௌர்ணமி இரவுகளில் இலட்சக்கணக்கான மக்கள் அதில் நடக்கின்றனர். அதே ஊரில், கட்டிலிலிருந்து கொல்லைப்புறம் வரை 14 எட்டு வைக்க இயலாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெரியவர்களும் இருக்கின்றனர். பள்ளிவாசலில் நாற்காலியில் அமர்ந்து தொழுவோரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஸஜ்தாவுக்குச் சென்றால் எழுந்திருக்க முழங்கால் இடங்கொடுப்பதில்லை. "வயதாகிவிட்டது, இனி என்ன செய்வது?" என்று அவர்களும் சொல்கிறார்கள், வீட்டாரும் சொல்கிறார்கள். பழியை முழுவதும் வயதின்மீது போட்டுவிடலாமா?

முழங்காலைத் தாங்கி நிற்பது எலும்பு மட்டுமன்று. தொடையின் முன்புறத்தில், நான்கு பகுதிகளாக அமைந்த ஒரு பெருந்தசை இருக்கிறது. உட்கார்ந்தவர் எழுவதும் படியேறுவதும் பெரிதும் இதன் பலத்தால்தான். மூட்டு வலித்தால் காலுக்கு ஓய்வு கொடுக்கிறோம். ஓய்வு நீளும்போது இத்தசை மெலிகிறது. தசை மெலிந்தால் மூட்டின்மீது பாரம் கூடுகிறது, வலியும் கூடுகிறது. வலி கூடியதும் இன்னும் ஓய்வு! வாசகர்களே, பல இல்லங்களில் பெரியவர்களைப் படுக்கையில் தள்ளுவது இந்தச் சுழல்தான். தண்ணீர்ச் செம்பு முதல் உணவுத் தட்டு வரை எல்லாவற்றையும் கட்டிலுக்கே கொண்டு சேர்க்கும் நம் அன்பும் இதற்குத் துணைபோகிறது என்பதைச் சொல்லாமலிருக்க முடியவில்லை.

இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்க இராணுவ மருத்துவரான தாமஸ் டிலோர்ம், சிகாகோ மருத்துவமனையொன்றில் முழங்கால் காயமுற்ற வீரர்களுக்குச் சிகிச்சையளித்து வந்தார். எடை குறைவாக, பலமுறை காலை அசைப்பதே அந்நாளைய வழக்கம். அவரோ எடையைப் படிப்படியாகக் கூட்டி, குறைந்த தடவைகள் தூக்கச் செய்தார். தசைகள் விரைவில் தேறின. 1945இல் அவர் இம்முறையை வெளியிட்டார். சுமையைச் சிறிது சிறிதாக ஏற்றும் அவ்விதியே இன்றும் இயன்முறை மருத்துவத்தின் அடிப்படையாக நிற்கிறது.

அவர்கள் இளைஞர்கள் அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். 1990இல் பாஸ்டன் நகரின் முதியோர் இல்லமொன்றில், 90 வயதை ஒட்டிய 10 பேருக்கு 8 வாரங்கள் இவ்வாறே கால் பயிற்சி அளிக்கப்பட்டது. பயிற்சியை முடித்தவர்களின் தொடை பலம் சராசரியாக 174 விழுக்காடு கூடியிருந்தது.

இவ்வளவு தூரம் போவானேன்? நம் திருவண்ணாமலையிலிருந்து பேருந்தில் ஏறினால் வேலூர். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ், 1954இல் நேர்ந்த வாகன விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழ் உணர்வையும் இயக்கத்தையும் இழந்தார். கால்கள் மீளவில்லை. ஆயினும் எஞ்சிய கைகளையும் தோள்களையும் கொண்டு சக்கர நாற்காலியில் வாழப் பழகினார். அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். அவருடைய முயற்சியால் 1966இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. முதுகுத்தண்டு அடிபட்டோருக்கு, கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தாமாகவே மாறுவதற்குக் கை, தோள் வலிமை எத்தகைய செல்வம் என்பதை அவரைவிட அறிந்தவர் யார்?

இனி வீட்டில் செய்யத் தக்கவை. கால்களை நீட்டிப் படுத்துக்கொள்ளுங்கள். சுருட்டிய துவாலையை முழங்காலின் கீழ் வைத்து, அதை முழங்காலால் கீழ்நோக்கி அழுத்துங்கள். தொடை இறுகும். ஐந்து எண்ணும் வரை நிறுத்தித் தளர்த்துங்கள். இவ்வாறு பத்து முறை. இது எளிதானபின், ஒரு காலை மடக்கி வைத்து, மற்றதை நேராக ஒரு சாண் உயரம் தூக்கி நிறுத்திப் பழகலாம். அதுவும் எளிதானால் கணுக்காலில் அரைக்கிலோ மணல் கட்டிய துணிப்பை. இவற்றிலெல்லாம் எனக்குப் பிடித்தது நாற்காலிப் பயிற்சிதான். சுவரோரம் நகராத நாற்காலியைப் போட்டு, கையூன்றாமல் எழுந்து நின்று, மெல்ல அமர வேண்டும், 'தொப்'பென்று விழக்கூடாது. இறங்கும்போதும் தசை உழைக்கிறது. கையூன்றாமல் முடியாதவர்கள் தொடக்கத்தில் ஊன்றிக்கொள்ளட்டும். அருகில் ஒருவர் நிற்கட்டும்.

மூச்சை அடக்க வேண்டாம். இரத்தக் கொதிப்பு உள்ளோர்க்கு அது கெடுதல். வாய்விட்டு எண்ணினால் மூச்சு அடங்காது. மறுநாள் தசையில் லேசான வலி இருப்பது இயல்பே. மூட்டு வீங்கினாலோ, சூடேறிச் சிவந்தாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, நெஞ்சு வலித்தாலோ பயிற்சியை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும், இதய நோயாளிகளும், பக்கவாதம் கண்டவர்களும் மருத்துவர் சொல்லாமல் தொடங்கலாகாது. தைலம் தேய்ப்பது வலிக்கு இதமளிக்கலாம். தசைக்குப் பலம் தராது. முட்டை, மீன், பருப்பு ஆகியவற்றில் ஏதேனும் அன்றாட உணவில் இருக்கட்டும்.

முதல் சில வாரங்களில் தொடை பருத்துக் காணாது. ஆனாலும் எழுவது எளிதாகும்; நரம்புகள் தசையை இயக்கக் கற்றுக்கொள்வதே அதற்குக் காரணம். தசை திரள்வது அதன் பிறகே. இரண்டே வாரத்தில் பயனில்லையென்று விட்டுவிடுவோர்தாம் அதிகம்.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நடமாட இயலாதோர்க்கு இல்லத்திலேயே இயன்முறைச் சிகிச்சை அளிப்பதும் சேர்க்கப்பட்டது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். இயன்முறை மருத்துவர் வந்தால், பெரியவரின் தசை பலத்துக்கு எந்த எண் இட்டார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அசைவே இல்லையெனில் 0. புவியீர்ப்பை எதிர்த்துக் காலை முழுமையாக நீட்ட முடிந்தால் 3. இயல்பான வலிமை 5. ஒரு மாதம் கழித்து மீண்டும் கேளுங்கள்.